ஆறாம் மாதத்துக்குப் பிறகு லாபம்

ஜூன் 3, செவ்வாய்

இந்த ஊரில் யாரும் யாரையும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பதில்லை. எந்த வார்டு என்றுதான் கேட்கிறார்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து இரவு முழுக்கப் பயணம். அம்மா உட்கார்ந்தே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மங்களம் லாட்ஜ். படிக்கட்டுச் சுவரில் வங்க மொழியிலும் ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எச்சில் துப்பாதே என்பதாக இருக்கலாம். மேலாளர் ஏகாம்பரம் எங்கள் பையைப் பார்த்தார், அம்மாவின் கையில் இருந்த ஸ்கேன் உறையைப் பார்த்தார்.

"நாள் கணக்கா, மாசக் கணக்கா?"

தினம் எழுநூறு. மாதமாக எடுத்தால் பதினைந்தாயிரம். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சொன்னாள்.

"அத டாக்டர்ட்டல்லா கேக்கணும்."

ஏகாம்பரம் சிரிக்கலாமா என்பது போல என்னைப் பார்த்தார். நாள் கணக்கு என்றேன்.

அறையில் ஒரு ஜன்னல். திறந்தால் அடுத்த லாட்ஜின் ஜன்னல்.

ஜூன் 4, புதன்

ரத்தம் எடுத்தார்கள். வாளி ஒழுகுகிறது.

ஜூன் 7, சனி

ரத்தப் புற்று என்பதைத் திருநெல்வேலியிலேயே சொல்லிவிட்டார்கள். எந்த வகை, இனி என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் இங்கே வந்தோம். இடுப்பு எலும்பில் ஊசி போட்டு எடுத்தது பரிசோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு அடுத்த வாரம். அதுவரை காத்திருப்பதுதான் வேலை.

காலையில் டோக்கன். பிறகு பால், பிரெட், மொட்டை மாடியில் துணி. கொடியில் இடம் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனிக் கட்டணம். அம்மாவுக்கு ரசம் சாதம், எனக்கும் அதுவே.

ஏகாம்பரம் தினமும் பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறார். நாள் கணக்குக்காரர்களிடம் கேட்டாக வேண்டுமாம்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்யா" என்கிறாள் அம்மா. அவர் போனதும் என்னிடம், "உசுரோட இருக்கியான்னு தெனமும் வந்து கேக்க ஒரு ஆளு. நம்மூர்ல யாருட்டி கேக்கா?"

என் ஆய்வின் தலைப்பில் வீடு என்ற சொல் இருக்கிறது. நவீன நாவல்களில் வீடு. நெறியாளருக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணன் போன் செய்தான். லாட்ஜுக்கு இவ்வளவு வாடகை எதற்கு, வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறேன் என்கிறான்.

அண்ணனின் வண்டி ஒரு டூரிஸ்ட் வேன். முன்கண்ணாடியில் 'பேச்சி' என்று எழுதியிருக்கும். அம்மாவின் பெயர் பேச்சியம்மா. என் பேர எழுதி ரோட்டுல ஓட்டுதான் என்று வெட்கத்தோடு திட்டுவாள். கோயில் சுற்றுலாக்களில் அவள்தான் சமையல். வசதி உள்ளவர்கள் லாட்ஜ் எடுப்பார்கள். அம்மாவும் அண்ணனும் வண்டியிலேயே படுப்பார்கள். பெட்ரோல் பங்கில் குளியல், ஜன்னல் கம்பியில் துணி, சாலையோரப் புளியமரத்தடியில் அடுப்பு. இத்தனை வருடத்தில் அம்மா லாட்ஜில் தங்கியது இதுதான் முதல் தடவை.

அங்கே அவள் அரிசி அளப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முதல் படிக்கு ஒன்று என்று சொல்லமாட்டாள். களத்தில் நெல் அளக்கிறவர்களைப் போல லாபம் என்பாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் எண்ணச் சொன்னபோது நானும் லாபம் என்று ஆரம்பித்தேன். வகுப்பே சிரித்தது. ஒன்று என்ற எண்ணுக்கு வேறொரு பெயர் உண்டு என்று அன்றுதான் தெரியும்.

அண்ணன் சொன்னது: பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, ஃபேன், ஒரு கழிவறை நாற்காலி. ஆஸ்பத்திரிக்கு அருகே தென்னந்தோப்பு ஒன்று இருக்கிறது, மாத வாடகைக்கு வண்டி நிறுத்தலாம், அவனுக்குத் தெரிந்த டிரைவர் விசாரித்துவிட்டான். வண்டியை விட்டுவிட்டு அவன் ஊரில் வேறு ஆளின் வேனை ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை வருவான்.

"நீ படிச்சவ. ரெண்டுல எது குறையும்னு போட்டுப் பாத்துச் சொல்லு."

ஜூன் 11, புதன்

போட்டேன்.

லாட்ஜ் (மாதக் கணக்கில் எடுத்தால்), அடுப்பு, குடிதண்ணீர்: மாதம் பதினாறாயிரம். தோப்பு, கட்டணக் குளியலறை, பேட்டரி ஏற்ற, தண்ணீர்: ஏழாயிரம். வண்டியில் இருந்தால் மாதம் ஒன்பதாயிரம் மிச்சம். ஆனால் கட்டில் முதலான மாற்று வேலைக்கு முதலிலேயே ஐம்பத்து நாலாயிரம்.

அண்ணன் இழக்கும் ஓட்டத்தையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன். அந்த வரியை அடித்துவிடு என்றான். இது சீசன் இல்லாத காலம், கார்த்திகை வரை வண்டி சும்மாதான் நிற்கும் என்றான். பொய். அடித்தேன்.

விடை எளிது. ஆறு மாதம் வரை லாட்ஜ் குறைவு. ஆறாம் மாதத்துக்குப் பிறகு வண்டி லாபம்.

எத்தனை மாதம் என்ற இடம் மட்டும் காலி. அண்ணனிடம் கேட்டேன்.

"ஒரு வருசம்னு போடு. கூட ரெண்டு மாசம் வச்சுக்கோ, திரும்பத் திரும்பச் செக்கப்புக்கு வரச் சொல்லுவான்லா."

ஜூன் 13, வெள்ளி

பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். இளைஞர். மேசையில் ஒரு சிறிய கள்ளிச் செடி. அதன் தொட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே பேசினார்.

வெளியே வந்து புது வாளி வாங்கினேன். பச்சை நிறம்.

என்னட்டி சொன்னாரு என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை தோறும் மருந்து ஏற்றுவார்கள், முடி கொட்டும், தைரியமாக இருக்கச் சொன்னார் என்றேன். எல்லாம் அவர் சொன்னவைதான்.

மாலையில் கணக்கை மறுபடி பார்த்தேன். லாட்ஜ்தான் குறைவு.

ஜூன் 14, சனி

லாட்ஜே போதும் என்று அண்ணனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம். நீயே போட்டுக் கொடுத்துவிட்டு நீயே மாற்றுகிறாயே என்றான். வண்டியில் கொசு வரும் என்றேன். வலை அடித்துவிடலாம் என்றான். மழை என்றேன். மேலே தார்ப்பாய் இருக்கிறது என்றான். அம்மாவுக்கு ஏறி இறங்கக் கஷ்டம் என்றேன். இருபது வருடமாக ஏறி இறங்கிய படி என்றான்.

பிறகு அவன் பக்கம் சத்தம் நின்றது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான் போல. செங்கோட்டை, செங்கோட்டை என்று யாரோ கூவுவது மட்டும் கேட்டது.

"ஆவுட" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"லாட்ஜ்தான் குறையும்ணே."

போனை யார் முதலில் வைத்தது என்று நினைவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பக்கத்து அறையில் ஒரு தகப்பனும் மகனும் இருந்தார்கள். வங்காளிகள். மகன் மொட்டை மாடியில் கொடியில் எங்களுக்கும் இடம் விட்டு வைப்பான். விடிந்ததும் அவன் அழும் சத்தம் கேட்டது. மொழி புரிய வேண்டியிருக்கவில்லை.

ஏகாம்பரம் வந்தார், இரண்டு ஆட்களோடு. தகப்பனைப் பின்படி வழியாக இறக்கினார்கள். பின்படி குறுகல். அங்கேதான் குப்பைக் கூடைகளும் துடைப்பமும் இருக்கும். மகன் செருப்பில்லாமல் பின்னால் போனான். மத்தியானம் அறையை பினாயில் போட்டுக் கழுவினார்கள். மாலையில் அங்கே வேறொரு குடும்பம் குக்கர் வைத்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஏகாம்பரம் எங்கள் கதவருகே நின்றார். உள்ளே வரவில்லை. கெட்டவர் இல்லை. அவர் குரலே இறங்கியிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதம்மா. உடம்பு ரொம்ப முடியாமப் போச்சுன்னா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடு. ஆஸ்பத்திரியிலயே சேத்துடலாம். லாட்ஜுன்னா நாலு பேரு வந்து போற இடம்."

சரி என்றேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறவள் அப்படி மூச்சு விடமாட்டாள்.

ஜூன் 18, புதன்

காலையில் இருக்கீங்களா என்று வந்தது. அம்மா பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன், இருக்கோம்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள், நாயகம் வண்டியக் கொண்டாரேன்னானே, என்னாச்சு என்று. அண்ணன் முழுப் பெயர் கோமதிநாயகம். கணக்குப் போட்டேன், இரண்டும் ஒன்றுதான் வருகிறது, அதனால் லாட்ஜே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம் என்றேன்.

"ரெண்டும் சமமா வருதா?"

"சமம்மா."

"அப்ப ஏன் ஒங்கண்ணன் நாலு நாளா போன் போடல?"

துணி காயப்போட வேண்டும் என்று எழுந்துவிட்டேன். மாடிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, வாளியை எடுத்து வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

முதல் மருந்து. ஐந்து மணி நேரம். அம்மா பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் சாம்பார்ப் பொடிக்குத் துவரை எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

வாந்தி. மூன்று தடவை படுக்கை விரிப்பு மாற்றினேன். நான்காவதற்கு லாட்ஜில் விரிப்பு இல்லை. என் துப்பட்டாவை விரித்தேன்.

அண்ணன் எடுப்பதில்லை. மதினி எடுத்தாள். அவர் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறார், சோற்றுக்கும் வருவதில்லை, என்ன ஏதென்று சொல்வதும் இல்லை என்றாள். கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். எதற்கு என்று அவளும் கேட்கவில்லையாம்.

நான் அவளிடம் கணக்கைச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 26, வியாழன்

சோர்வு என்ற சொல்லுக்கு இவ்வளவு எடை இருப்பது தெரியாது. படியேறும்போது பாதியில் உட்கார்ந்தேன். எதிரே வந்தவர் எந்த வார்டு என்று கேட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

தெருவில் ஹாரன். ஆட்டோக்காரர்கள் கத்துகிறார்கள். ஜன்னலிலிருந்து தெரியாது, கீழே இறங்கிப் பார்த்தேன். தெருவை அடைத்துக்கொண்டு 'பேச்சி' நிற்கிறது.

அண்ணன் தாடியோடு இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை. நேராக மாடி ஏறி, அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். முன்படி வழியாக.

உள்ளே கட்டில். அம்மாவின் முழங்கால் உயரத்துக்குச் செய்திருக்கிறான், காலைத் தொங்கவிட்டால் தரை படும். தலைமாட்டில் ஃபேன். ஜன்னல்களுக்கு வலை. மூலையில் திரை போட்டுக் கழிவறை நாற்காலி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவள் எப்போதும் அரிசி மூட்டையைச் சாய்த்து உட்காரும் இடத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தான். மூட்டையும் இருந்தது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு ஆச்சு என்றாள். முப்பது என்றான். அவள் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"ஆவுட. நீ போட்ட கணக்குல எத்தன மாசத்துக்கு மேலன்னா வண்டி லாபம்?"

சமம் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அதையே திரும்பச் சொல்ல வாய் திறந்தேன். அண்ணன் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான், அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆறு" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். தெரிந்த தொகையை யாரோ சரியாக எண்ணிக் கையில் வைத்த மாதிரி.

"ஒனக்கு இது தெரியுமாலே?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான் நட்டத்துக்குக் கட்டிட்டு வந்துருக்க."

அண்ணன் துடைத்துக்கொண்டே இருந்தான். ஆட்டோக்காரன் ஒருவன் ஜன்னலில் தட்டி வண்டியை எடுக்கச் சொன்னான். ஒரு நிமிசம்ப்பா, எங்கம்மா பாக்கா என்றான் அண்ணன்.

"முட்டாப்பய" என்றாள் அம்மா. கட்டில் விளிம்பை இன்னும் தடவிக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குலே. இதுல ஒரே படிதான். ஏறுறதும் எறங்குறதும் ஒரே படி."

ஜூன் 30, திங்கள்

லாட்ஜைக் காலி செய்தோம். ஏகாம்பரம் முன்பணத்தில் மீதியை எண்ணித் தந்தார். காலியாம்மா என்று கேட்டார். அம்மா அந்தச் சொல்லைத் திருத்தினாள்.

"காலி இல்லய்யா. மாறுதோம்."

அண்ணன் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, நாலு எதுக்கு, மூணு போதும், ஒண்ணு ரசத்துக்கு ஆகும் என்றாள். மூன்று சக்கரம்தான் பழத்தின் மேல் ஏறியது.

ஏகாம்பரம் வாசலில் நின்று கையை உயர்த்தினார். சிறிது தூரம் போன பிறகு அம்மா சொன்னாள், நாளைக்குப் பத்து மணிக்கு அந்த மனுசன் யாரப் போயிக் கேப்பான் என்று.

ஜூலை 5, சனி

வண்டியில் வாழ்வதில் அழகு ஒன்றும் இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும்.

மத்தியானம் தகரம் கொதிக்கிறது. மழையில் வலது பக்க மூன்றாவது ஜன்னல் ஒழுகுகிறது. கழிவறை நாற்காலியின் வாளியை விடிவதற்குள் தோப்பின் கோடியில் கொட்டிக் கழுவ வேண்டும், தோப்புக்காரர் தேவராஜ் பார்த்தால் முகம் சுளிக்கிறார். நான் சீட்டில் குறுக்கே படுக்கிறேன். கால் நீட்ட இடமில்லை. ஃபேனுக்கு ஒரு பேட்டரி போதவில்லை, இன்னொன்று வாங்கினோம். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவால் நடக்க முடியாது, ஆட்டோ. இதெல்லாம் கணக்கில் இல்லை. ஆறு என்பது எட்டாகியிருக்கும். மறுபடி போட்டுப் பார்க்கவில்லை.

அம்மா தூங்குகிறாள். லாட்ஜில் அவள் இப்படித் தூங்கவில்லை.

ஜூலை 9, புதன்

நெறியாளருக்கு எழுதினேன். இரண்டு வரி. வீடு பற்றி எதுவும் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

அம்மாவின் முடியை நானே மழித்தேன். திருச்செந்தூரில் போட்ட மொட்டையை விட நல்லா இருக்கு என்றாள். கண்ணாடி கேட்டாள். வண்டியில் இருப்பது டிரைவர் பக்கக் கண்ணாடி மட்டும்தான். டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். தன்னையா, பின்னால் தெரிந்த தோப்பையா, தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

இன்று மருந்து ஏற்றவில்லை. உடம்பு தாங்காதாம். ரத்தம் மட்டும் ஏற்றி அனுப்பினார்கள். டாக்டர் மறுபடி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மா எழுந்து தானும் உள்ளே வந்தாள்.

"எங்கிட்டயே சொல்லுங்கய்யா. எம்மவ கணக்குல தப்பு விடுதா."

அவர் சொன்னார். கள்ளிச் செடியை நகர்த்தவில்லை. அம்மா கைகூப்பிவிட்டு எழுந்தாள். ஆட்டோவில் வரும்போது முருங்கைக்கீரை வாங்கச் சொன்னாள்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் தேவராஜ் வந்தார். அடுத்த மாத வாடகை. முன்பணமாக முழு மாதமும் தர வேண்டாம், உங்கள் நிலைமை தெரிகிறது, வேண்டுமானால் வாரமாகக் கொடுங்கள், நாளாகக் கூடக் கொடுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் தலையாட்டப் போனேன்.

"மாசமாவே வாங்கிக்கிடுங்கய்யா" என்றது கட்டிலிலிருந்து குரல்.

கொடுத்தேன்.

பத்து மணி இருக்கும். அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். இந்த வாரம் அவளுக்குக் கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது, அதுவும் நாலு கரண்டி. மூட்டையின் வாயை அவிழ்த்து டம்ளரில் அரிசி எடுத்தேன். எனக்கும் அவளுக்கும் ஒரு டம்ளர் போதும். பாத்திரத்தில் கொட்டும்போது என்னையறியாமல் வாய் சொல்லிவிட்டது.

லாபம்.

டம்ளரை மூட்டைக்குள்ளேயே போட்டுவிட்டு வாயைக் கட்ட ஆரம்பித்தேன்.

"ஏன் நிறுத்திட்ட?" அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "ஒங்கண்ணன் வாரான்லா."

மறுபடி அவிழ்த்தேன். ரெண்டு என்றேன்.

"நாளைக்குப் பழையதுக்கும் சேத்துப் போடு."

மூணு என்றேன்.